செஞ்சோற்றுக் கடன்

2019 ஜூலை 18. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்த டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. உள்ளே டிவி அணைத்திருந்தது. அந்த நேரத்தில் செய்தி பார்க்காமல் இருப்பவர் இல்லை அவர்.

“அண்ணாச்சி போயிட்டாரு மாப்ள” என்றார்.

எந்த அண்ணாச்சி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் ஆம்புலன்ஸில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நீதிமன்றத்துக்கு வந்து சரணடைந்ததை நாடே பார்த்திருந்தது. சரவண பவன் நிறுவனர் பி.ராஜகோபால். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை உறுதியானவர்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: “ஒரு கொலைக் கைதி செத்ததுக்கா மாமா டீயக் குடிக்காம உக்காந்திருக்கீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்கு என்ன தெரியும்? நீ எலைக்கு முன்னாடி உக்காந்தவன். நான் எலைய எடுத்தவன்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் யோசிக்க ஆரம்பித்தது இன்னும் முடிந்தபாடில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

மாமாவுக்கு ஊர் ஆலங்குடிப் பக்கம். வானம் பார்த்த பூமி. பதினைந்து வயதில் சென்னைக்குப் பஸ் ஏறினார். மேசை துடைக்கும் கிளீனராகச் சேர்ந்து, சப்ளையராகி, கடைசியில் சரக்கு மாஸ்டராக முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டல்களில் கழித்தார். ஆரம்ப காலத்தை அவர் சொல்லக் கேட்டால் நமக்குச் சோறு இறங்காது. ராத்திரி பதினொன்றுக்குக் கடை சாத்தியபிறகு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே அரிசிச் சாக்கை விரித்துத் தூக்கம். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க எழுந்துவிட வேண்டும். மஞ்சள் காமாலை வந்தால் பஸ் காசைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தேறித் திரும்பினால் அந்த இடத்தில் வேறொரு பையன் நிற்பான், அவனும் நம்ம பக்கத்துப் பையனாகவே இருப்பான்.

எண்பதுகளில் ஓட்டல் தொழிலாளிகளுக்குள் ஒரு பேச்சு பரவியது. கே.கே. நகரில் ஒரு அண்ணாச்சி ஓட்டல் நடத்துகிறாராம். ஆட்களுக்குத் தங்க இடம் கொடுக்கிறாராம். ஆஸ்பத்திரிச் செலவு பார்க்கிறாராம். பெண் கல்யாணத்துக்குப் பணம் தருகிறாராம். மாமா இரண்டு தடவை போய் வேலை கேட்டு நின்றார். கிடைக்கவில்லை. ஆக, தன் முதலாளியாக ஒருநாளும் இருந்திராத ஒருவருக்காகத்தான் அன்றைக்கு அவர் டீ குடிக்காமல் இருந்தார்.

ராஜகோபாலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1947இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னையடியில் பிறந்தவர். அப்பா வெங்காய வியாபாரி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓட்டலில் மேசை துடைத்தவர். பிறகு சென்னை, கே.கே. நகரில் மளிகைக் கடை. நெருப்பு சம்பந்தப்பட்ட தொழில்தான் ஆகும் என்று ஜோசியர் சொன்னதாகவும், அதனால் ஓட்டலில் இறங்கியதாகவும் சொல்வார்கள். 1981இல் சரவண பவன் தொடங்கியது. தொடக்கத்தில் நட்டம். மட்டமான எண்ணெயை வாங்கு, ஆட்களுக்குக் கூலியைக் குறை என்று யோசனை சொன்னவரை வேலையை விட்டே அனுப்பினார். தேங்காய் எண்ணெயும் நல்ல காய்கறியும் நிறைவான சம்பளமும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் ஜெயித்தது. 2000இல் துபாயில் கிளை. பிறகு சிங்கப்பூர், லண்டன், நியூயார்க். 1997இலேயே ‘வெற்றி மீது ஆசை வைத்தேன்’ என்று தன் வரலாற்றை எழுதிவிட்டார்.

இதில் பணம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் சைவ ஓட்டல் என்றால் ரொம்ப காலம் பிராமணர்களும் உடுப்பிக்காரர்களும் நடத்துவதுதான். திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957இல் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நாடார்களும் தலித்துகளும் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தது 1939இல். அதற்கு எட்டு வருடம் கழித்து நாடார் குடும்பத்தில் பிறந்த ஒரு பையன், பின்னாளில் எல்லாச் சாதிக்காரரும் குடும்பத்தோடு வந்து டோக்கன் வாங்கி, இடம் பிடித்துச் சாப்பிடும் சைவ ஓட்டலை நடத்தினான். சமையற்கட்டில் யார் கை பட்டது என்று கேட்காமல் ஒரு ஊரே சாப்பிட்டது சின்ன விஷயம் இல்லை. இதையும் நான் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

அடுத்தது, நான் மாமாவிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போன விஷயம்.

அவரது ஓட்டலில் உதவி மேலாளராக இருந்தவரின் மகள் ஜீவஜோதி. தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்த பிரின்ஸ் சாந்தகுமாரை 1999இல் கல்யாணம் செய்துகொண்டார். ராஜகோபாலுக்கு அப்போதே இரண்டு மனைவிகள். மூன்றாவதாக இந்தப் பெண்ணை மணந்தால் இன்னும் உயரலாம் என்று ஜோசியம் சொன்னதாகப் பேச்சு. ஜோசியம் இருந்ததோ இல்லையோ, ஆசை இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அவர் பணம் கொடுத்தார், பரிசுகள் கொடுத்தார். பிறகு கணவனை விட்டு வா என்றார். அவர் வரவில்லை. 2001 அக்டோபரில் சாந்தகுமார் கடத்தப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்ட அவர் உடல் கொடைக்கானல் மலையில் கிடைத்தது. 2004இல் விசாரணை நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுளாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சாந்தகுமார் கொலையுண்டதற்கும் ராஜகோபால் இறந்ததற்கும் நடுவே ஏறக்குறைய பதினெட்டு வருடம். அவ்வளவு வருடமும் கிளைகள் திறந்துகொண்டேதான் இருந்தன. நாமும் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தோம். நானும்தான். எழும்பூரில் ரயில் இறங்கினால் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

இந்த மனிதரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? மாமா பேசாத மூன்று நாளும் இதற்கு நான் கேள்விப்பட்ட பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

ஒரு பதில், கூட்டிக் கழிப்பது. ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்டவர், ஒரு தப்புச் செய்துவிட்டார் என்பது. டீக்கடையில் இதைத்தான் அதிகம் கேட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் எழுதப்படுவது வேறொருவனின் உயிர். ஆயிரம் பேருக்குச் சோறு போட்டால் ஒரு ஆளைக் கொல்ல வரவு உண்டு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட்டிக் கழிப்பவர்கள் அதைத்தான் சொல்லாமல் சொல்கிறார்கள்.

இன்னொரு பதில், பிரித்து வைப்பது. தொழில் வேறு, ஆள் வேறு. தோசை என்ன பாவம் செய்தது? இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தோசை வார்த்தது முதலாளி இல்லை. ஏதோ ஒரு கிராமத்துப் பையன். கோபத்தில் நாம் போகாமல் விட்டால் முதலில் வேலை போவது அவனுக்குத்தான். அதனால், சாப்பிடலாமா கூடாதா என்ற கேள்வியை இப்போது பெரிதாக நினைப்பதில்லை. சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். ஆனால் ஆளையும் தொழிலையும் அவரே பிரித்து வைக்கவில்லையே. சாந்தகுமார் வீட்டுக்குள் அவர் வந்தது முதலாளி என்ற வழியில்தான்.

மூன்றாவது பதில், ஜோசியத்தின் மேல் பழி போடுவது. எத்தனை பேர் ஜோசியம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் கொலை செய்கிறார்கள்? இதற்குமேல் அந்தப் பதிலோடு நான் மல்லுக்கட்டவில்லை.

நாலாம் நாள் மாமாவே பேசினார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, “அவரு செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்று கேட்டார். “தெரியும் மாமா” என்றேன். “பெறகு ஏன் அப்புடிக் கேட்ட?” என்னிடம் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார். “எங்களுக்கு யாருமே செய்யலடா. அவரு செஞ்சாரு. அதான்.”

இந்த ‘யாருமே செய்யல’ என்ற இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. பி.எஃப். சட்டம் 1952. உணவு விடுதித் தொழிலாளர்களுக்கென்றே 1958இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. மாமா சென்னைக்குப் போனபோது இவையெல்லாம் புத்தகத்தில் இருந்தன. அவர் படுத்ததோ அரிசிச் சாக்கில். சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியது ஒருநாளும் சேரவில்லை. அதனால், சேர வேண்டியதையும் அதற்கு மேலேயும் கொடுத்த ஒருவர் தெய்வமாகத் தெரிந்தார். அது மாமாவின் அறியாமை இல்லை. அவரை அப்படி நினைக்க வைத்தது மற்ற முதலாளிகளும், சட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த அரசாங்கமும்.

உரிமையாக வருவதற்கும் கருணையாக வருவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சட்டப்படி வரும் பணத்தை வாங்கிக்கொண்டு முதலாளியை எதிர்த்துப் பேசலாம். அண்ணாச்சி கையால் வாங்கிய பணத்துக்குப் பிறகு பேச முடியாது. பேசினால் நன்றி கெட்டவன் என்று ஊர் சொல்லும். கொடுப்பவருக்கும் இது ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. வாழ்நாளெல்லாம் கொடுத்துக்கொண்டே, எதிரில் தலையாட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டு இருக்கும் மனிதருக்கு, யாராவது ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது காதில் மறுப்பாக விழுவதில்லை, துரோகமாக விழுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அவர் கொடுத்த பரிசும், தொழிலாளிக்குக் கொடுத்த கல்யாணப் பணமும் வேறு வேறு கையிலிருந்து வரவில்லை. எல்லா முதலாளிகளும் இப்படி ஆவதில்லை என்பது எனக்குத் தெரியும். கொடுத்தவர் எல்லோரும் கொன்றுவிடவில்லை. குற்றம் அவருடையதுதான். ஆனால் அதற்கு மண் பதமாக இருந்தது.

நமக்கு இதற்கு ஒரு பழைய பெயரும் இருக்கிறது, செஞ்சோற்றுக் கடன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக் கம்பன் விழாக்களில் கும்பகருணனைப் பற்றிப் பேசும்போது அரங்கம் கண் கலங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நானும் கலங்கியிருக்கிறேன். அண்ணன் செய்வது அநியாயம் என்று தெரிந்தும் அவனுக்காகப் போருக்குப் போய்ச் சாகிறான். கர்ணன் கதையும் இதுதான். ஆனால் நாம் அழும் அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுகிறோம். கும்பகருணன் போருக்குப் போவதற்கு முன்னால் ராவணன் முகத்துக்கு நேரே, நீ செய்தது தப்பு, அவளை விட்டுவிடு என்று சொல்கிறான். சோறு தின்றவன் அதைச் சொன்னான். நமக்கு அவன் செத்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு எடுத்து வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி நடத்தி, குறளை ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் பழகியிருக்கிறேன். அதிகார வரிசையைக் கவனித்ததில்லை. செய்ந்நன்றி அறிதல் பதினொன்றாவது அதிகாரம். அடுத்த பன்னிரண்டாவது, நடுவு நிலைமை. ஏன் இந்த வரிசை என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவர் விஷயத்தில், அந்த நன்மையை நினைக்கும்போது நம் நடுநிலை சிதைந்துபோகும். அந்த இடத்திலும் அது சிதையக் கூடாது. அதனால்தான் நன்றிக்குப் பின்னால் நடுவு நிலைமையை வைத்தார் என்கிறார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ராஜகோபால் இல்லை.

அரசுப் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். எங்கே, எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றபோது தாளாளர் தன் மேசை டிராயரைத் திறந்து, எண்ணாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கேட்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து, ஆபீஸில் பணம் காணோம் என்று கூட்டிப் பெருக்கும் ஆயாம்மாவைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பணம் போன நேரத்தில் அவர் என் வகுப்பு வாசலில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். தாளாளர் அறையில் நாங்கள் ஏழெட்டு ஆசிரியர்கள் நின்றோம். “யாருக்காவது ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். திறந்த டிராயர் ஞாபகம் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயாம்மா அன்றைக்கே போய்விட்டார். போகும்போது என் பக்கம் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

தாளாளர் கெட்டவர் இல்லை. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். அவர் என்னை மிரட்டவும் இல்லை. நான் வாங்கிய பணமே போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட நான்தான் ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே மாமாவுக்கு நீதி சொன்னேன்.

இதனால்தான் இந்தக் கதையில் நான் கடைசியாக வந்து நிற்கும் இடம் ஜீவஜோதி. அந்தக் குடும்பமும் அண்ணாச்சியின் உப்பைத் தின்ற குடும்பம். அவருக்கும் ‘எவ்வளவு செஞ்சிருக்காரு’ என்று சொல்ல ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் போலீசுக்குப் போனார். கணவன் போனபிறகும் பின்வாங்காமல் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். எதிரில் இருந்தது பணம், செல்வாக்கு, ஊரெல்லாம் மரியாதையாகச் சொல்லும் ஒரு பெயர். அந்த ஓட்டலின் பெயர் தெரியாத தமிழர் இல்லை. சாந்தகுமார் என்ற பெயரை என் பள்ளி ஆசிரியர் அறையில் கேட்டேன். பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. நினைவில் வைப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராஜகோபால் செய்த நல்லதை மறைக்க வேண்டாம். மாமாவின் கண்ணீரும் பொய் இல்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும் எந்தக் கதையிலும், சாந்தகுமார் என்ற கணக்கு வாத்தியாரின் பெயரைப் பின்குறிப்பாகச் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன், ஆயாம்மா கதை உட்பட. அதை அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். மேசை துடைக்க வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒடிசாப் பக்கம் என்றான். தமிழ் நன்றாகவே பேசினான். மாமா ஓட்டலுக்குப் போனால் ஊழியர்களிடம் பேசாமல் எழுந்ததில்லை.

“எங்க தம்பி படுத்துக்கிற?”

“ரூம் இருக்கு தாத்தா. முதலாளி குடுத்தாரு.”

“ஒடம்புக்கு வந்தா?”

“முதலாளி பாத்துக்குவாரு. ரொம்ப நல்லவரு.”

பழைய மாமாவாக இருந்தால் இந்தப் பதிலில் முகம் மலர்ந்திருக்கும். அன்றைக்கு அவர் இட்லியைப் பிட்ட கையோடு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லவராவே இருக்கட்டும். பி.எஃப். பிடிக்கிறாங்களா? நம்பர் குடுத்துருக்காங்களா?”

பையனுக்குப் புரியவில்லை. மாமா துண்டில் கையைத் துடைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று எழுதி அவனிடம் நீட்டினார்.